மாமல்லபுரத்தில் கடலோரம் குறைந்த செலவில் ஓரிரவு: முழுமையான வழிகாட்டி

மாமல்லபுரத்துக்குப் போய் ஒரு ராத்திரி கடலோரம் தங்கி, சிற்பங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். செயலியைத் திறந்து, ‘கடற்கரை அருகில்’ என்று போட்டிருக்கும் மலிவான அறையை முதல் வேலையாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் மற்றதையெல்லாம் அந்த அறைக்கு ஏற்றபடி வளைக்க வேண்டியிருக்கிறது. அறை ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இல்லையென்றால் மதியம் 12 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு மூட்டையோடு வெயிலில் நிற்க வேண்டிவரும். தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டை இரண்டு நாளும் வாங்கியவர்களும் உண்டு.

நாள், நேரக் கணக்கு, தெரு, அறை, பேருந்து என்று போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கீழே அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் ஓரிரவு தங்குவதை மனதில் வைத்த கணக்கு இது. குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு எங்கே மாறுமோ அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் நாளைத் தீர்மானியுங்கள்

இந்த ஊரில் அறை வாடகையை அதிகம் ஏற்றி இறக்குவது கிழமைதான். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை சென்னை முழுவதும் இந்தப் பக்கம் திரும்புகிறது. திங்கள் முதல் வியாழன் வரை அதே அறை குறைவாகக் கிடைக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய் போய் புதன் திரும்புவது போல ஒரு நாள் பாருங்கள். அலைந்து திரிந்து பேரம் பேசுவதைவிட அது அதிகம் மிச்சப்படுத்தும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு. காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி வரை இந்திய நாட்டிய விழா நடக்கும். அதோடு பள்ளி விடுமுறையும் புத்தாண்டும் சேர்வதால் வாடகை உச்சத்தில் இருக்கும். ஊரில் பெரிய நிகழ்ச்சி ஏதாவது நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததுபோல ஒன்று வந்தால் சின்ன லாட்ஜ்கூட நிரம்பிவிடும். மாசி மகத்தில் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் கூடாரமிட்டுத் தங்குவார்கள். அதைப் பார்க்கவே போகிறவர்கள் அறையை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வாடகை இறங்கும், ஆனால் புயல் அபாயம் உண்டு. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அந்த மாதங்களில், ரத்து செய்தால் பணம் திரும்ப வராத அறையை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாறை பத்து மணிக்கே சுடும். பட்ஜெட் பயணத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை வரும் வார நாட்களைத்தான் நான் சொல்வேன். வானம் தெளிந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது.

2. நேரக் கணக்கை எழுதுங்கள், அறையை அப்புறம் பாருங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நுழைவுச் சீட்டு எத்தனை நாள் செல்லும், அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்ற இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

சீட்டைப் பற்றி முதலில். இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். இணையத்தில் எடுத்தால் 35, 550. பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டுதான், ஆனால் அன்றைய ஒரு நாளுக்குத்தான் செல்லும். நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை.

இனி தவறு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு வந்து சேர்கிறார்கள். அறையில் பையைப் போட்டுவிட்டு ஆவலோடு நாலரைக்குக் கடற்கரைக் கோயிலுக்கு ஓடிச் சீட்டு வாங்குகிறார்கள். ஐந்தேமுக்காலுக்குக் காவலர் விசில் ஊதிவிடுவார். ஐந்து ரதம் பார்க்காமல் நின்றுபோகும், மறுநாள் மறுபடி சீட்டு. உள்ளூர்க்காரர்களுக்கு 40 ரூபாய் பெரிதில்லை என்று தோன்றலாம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரோ, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினரோ கூட இருந்தால் தலைக்கு 600 ரூபாய் வீணாகும்.

ஆகவே வந்து சேரும் நாளில் சீட்டு வாங்காதீர்கள். அன்று மாலைக்குக் காசு கேட்காத இடங்கள் போதுமான அளவு இருக்கின்றன. அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். அதன் முன்னாலேயே தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தக் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது, மாலையில் நடை திறந்திருக்கும். அப்புறம் கடற்கரை. மறுநாள் காலை 6 மணிக்குச் சீட்டு வாங்கினால் அது மாலைவரை செல்லும்.

இப்போது அறைக்கு வாருங்கள். இந்த ஊர் விடுதிகளில் இரண்டு வழக்கம் உண்டு. சிலவற்றில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். மற்றவற்றில் எப்போது நுழைந்தாலும் மறுநாள் காலை 11 அல்லது மதியம் 12க்குக் காலி செய்ய வேண்டும். வாடகை ஒன்றாக இருந்தாலும் கிடைக்கும் மணிக்கணக்கு வேறு. மதியம் 2 மணிக்கு நுழைகிற உங்களுக்கு முதல் வகையில் மறுநாள் 2 மணிவரை அறை இருக்கும். காலையில் கோயிலும் குன்றும் பார்த்துவிட்டு வந்து குளித்து, வெயில் நேரத்தில் படுத்து எழுந்து, பையை லாட்ஜ் வரவேற்பில் வைத்துவிட்டு மூன்று மணிக்கு மேல் ஐந்து ரதம் போகலாம். இரண்டாவது வகை என்றால் சரியாக வெயில் ஏறும் நேரத்தில் தெருவுக்கு வந்துவிடுவீர்கள். அப்புறம் நிழலுக்காக ஏசி உணவகம், குளிர்பானம், ஆட்டோ என்று போகும் காசு, அறையில் மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடும். நூறு இருநூறு கூடுதலானாலும் 24 மணி நேர விடுதிதான் என் தேர்வு. வயதானவர்களோடு போகிறவர்கள் இதில் சமரசமே செய்துகொள்ள வேண்டாம்.

3. தெருவைத் தேர்ந்தெடுங்கள்

வரைபடத்தில் ‘மகாபலிபுரம்’ என்று தேடினால் வரும் விடுதிகளில் பல, ஊரில் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பட்டிபுலம், நெம்மேலி, வடநெம்மேலி, ஏன், கோவளம்வரை உள்ள இடங்கள்கூட இந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்கின்றன. அங்கே கடல் இருக்கும். ஆனால் காலை 6 மணிக்குக் கோயில் வாசலில் நிற்க ஆட்டோவோ காரோ வேண்டும், சாப்பாட்டுக்கும் அந்த விடுதியையே நம்ப வேண்டும். எனவே எந்த அறையைப் பார்த்தாலும், அங்கிருந்து கடற்கரைக் கோயில் நுழைவாயிலுக்கு நடைவழி எவ்வளவு என்று வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

கோயிலையே மையமாக வைத்துக்கொண்டு போடாதீர்கள், நுழைவாயில் என்று போடுங்கள். கோயிலைச் சுற்றி வேலி இருக்கிறது. மணலில் நடந்து போய்க் கோயிலுக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைத்து வேலிவரை போய்த் திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். வாசல் மேற்கே, கடற்கரைச் சாலைப் பக்கம்.

ஊருக்குள் பட்ஜெட் அறைகள் இருக்கும் இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒத்தவாடைத் தெருவும் அதன் குறுக்குத் தெருவும்: பேருந்து நிலையத்துக்கு வடக்கே, கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடலை நோக்கிப் போகும் தெரு. வெளிநாட்டுப் பயணிகள் பல காலமாகத் தங்கும் இடம் என்பதால் சின்னச் சின்ன விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. கூட்டமில்லாத வார நாளில் இரண்டு பேருக்கான சாதாரண அறை பொதுவாக ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் பேசி முடிக்கலாம். கடல் மிகப் பக்கம். தெருவின் கடற்கரைப் பக்கக் கோடியில் மீனவர் குப்பம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே படகு இயந்திரச் சத்தம் கேட்கும், மீன் வாடையும் வரும். எனக்கு அதில் சங்கடமில்லை. சங்கடப்படுகிறவர்கள் கிழக்கு ராஜ வீதிப் பக்கம் அறை எடுக்கலாம்.

பேருந்து நிலையத்தைச் சுற்றிய பகுதி: கிழக்கு ராஜ வீதி, திருக்குளத் தெரு வட்டாரம். அறையிலிருந்து கடல் தெரியாது. ஆனால் எல்லா இடத்துக்கும் நடுவில் இருக்கும், சாப்பாடும் இங்கேதான் மலிவு. பெரியவர்களோடு பேருந்தில் வருகிறவர்களுக்கு இதுவே சரி.

ஐந்து ரதம் சாலை: அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். வழியெல்லாம் சிற்பக் கூடங்கள். உளிச் சத்தம் இதமாகத்தான் இருக்கும். கல்லறுக்கும் இயந்திரம் அப்படியில்லை, பகலில் தூங்க விடாது. அறையைப் பார்க்கும்போது பக்கத்தில் பட்டறை இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

வடக்கே கோவளம் சாலையில் இருப்பவை பெரிய ரிசார்ட்டுகள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதியும் அந்தப் பக்கம்தான். இடவசதி நிறைய, குழந்தைகள் ஓடியாடலாம். நான்கு பேராகப் பகிர்ந்துகொள்ளும் குடும்பம் இதன் வாடகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இரண்டு பேருக்குக் கணக்கு இடிக்கும்.

‘கடல் பார்த்த அறை’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். பல இடங்களில் மொட்டை மாடியிலிருந்து கடல் தெரிந்தாலே அந்தப் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஜன்னலிலிருந்து தெரியுமா, பால்கனியிலிருந்தா, மாடியிலிருந்தா என்று கேளுங்கள். கடலை நடந்து போய்ப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும் ஊரில், ஜன்னலுக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

4. வாடகை பேசும் முன் கேட்க வேண்டியவை

செயலியில் மூன்று நான்கு விடுதிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் எண்ணுக்கு நேரடியாக அழைத்துப் பேசுங்கள். செயலிக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால் பலர் குறைத்துத் தருவார்கள். தராவிட்டாலும் கேள்விகளுக்குப் பதிலாவது கிடைக்கும்.

முதல் கேள்வி காலி செய்யும் நேரம். அப்புறம் ஏசி: ஏசி அறையை ஏசி இல்லாமல் குறைந்த வாடகைக்குத் தருவார்களா? ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் மின்விசிறியே போதும் என்பதால் இது உண்மையான மிச்சம். மூன்றாவது ஆளுக்கோ மெத்தைக்கோ தனிக் கட்டணமா என்று கேளுங்கள், குழந்தைக்கும் சேர்த்துக் கேளுங்கள். வெந்நீர் குழாயில் வருமா வாளியில் தருவார்களா, மின்சாரம் போனால் என்ன வசதி, காலி செய்த பிறகு பையை வைத்துவிட்டுப் போகலாமா, வண்டி நிறுத்த இடமுண்டா என்பவையும் முக்கியம். கடைசியாக, சொன்ன தொகை வரியோடு சேர்த்தா?

வரியைப் பற்றிக் குழப்பம் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். இன்னமும் 12 சதவீதம் என்று யாராவது சொன்னால் அது பழைய விகிதம். பதிவு எண் இல்லாத சிறிய விடுதி வரி என்று தனியாக வாங்க முடியாது. வரி சேர்த்தால் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் கேட்டு வாங்குங்கள்.

தனியாகப் போகிறவர்கள் அதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். தனி ஆளுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜ்கள் இன்னமும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்று அதைத் தெரிந்துகொள்ளும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

வார நாளில் போகிறவர்கள் முழுப் பணத்தையும் முன்னால் கட்ட வேண்டிய தேவையே இல்லை. கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, பேசிய விவரங்களை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நேரம், வாடகை, ஏசி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் எழுத்தில் இருந்தால் வரவேற்பில் வேறு ஆள் இருந்தாலும் வாக்குவாதம் வராது.

5. எடுத்துக்கொள்ள வேண்டியவை

எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் வேண்டும். ஒருவருடையது போதும் என்று போய் நிற்காதீர்கள். வெளிநாட்டவர் கூட வந்தால் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயம். அவர்கள் தங்குவதை விடுதி அரசுக்குப் படிவம் சி மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து சில சின்ன விடுதிகள் மறுத்துவிடும் என்பதால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கொசுவர்த்தி அல்லது பூச்சு, தொப்பி, சின்னப் பூட்டு, டார்ச், ஒரு பழைய துண்டு, சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம். துண்டு கடலுக்கு. விடுதித் துண்டை மணலில் போட்டால் சலவைக் காசு கேட்பார்கள். செருப்பு, பிடிமானம் உள்ளதாக இருக்கட்டும். குன்றின் மேல் பாறை பல இடங்களில் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது.

6. ஊர் வந்து சேர்வது

சென்னை மாநகரப் பேருந்துகள் ஊருக்குள்ளேயே வருகின்றன. தியாகராய நகரிலிருந்து 599, அடையாறிலிருந்து 588, தாம்பரத்திலிருந்து 515. புறப்படும் முன் சென்னை பஸ் செயலியில் அன்றைய ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்காகக் கொஞ்சம் காத்திருப்பதில் தவறில்லை.

புதுச்சேரிப் பேருந்தில் ஏறுகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். திண்டிவனம் வழியாகப் போகும் பேருந்து இந்த ஊர்ப் பக்கமே வராது. பெயர்ப் பலகையில் ‘ஈசிஆர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள், நடத்துனரிடமும் கேளுங்கள். அது சரியான பேருந்தாக இருந்தாலும் பெரும்பாலும் ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் நடக்கலாம், பையோடு வெயிலில் கஷ்டம். அங்கே நிற்கும் ஆட்டோவில் ஏறும் முன் காசைப் பேசிவிடுங்கள்.

மதுரை, திருச்சி, விழுப்புரம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர்வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். உங்கள் ரயில் செங்கல்பட்டில் நிற்குமா என்று பாருங்கள். நின்றால் அங்கேயே இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பேருந்தைப் பிடியுங்கள். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அரை நாள் மிச்சமாகும்.

காரில் வந்தால் ஊர் எல்லையில் உள்ளாட்சியின் வாகன நுழைவுக் கட்டணம் இருக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அடுத்தடுத்த இடத்தில் கேட்டால் காட்டலாம்.

7. அறையைப் பார்த்த பிறகு கையெழுத்து

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டிவிட்டால் அறையை மாற்றித் தரச் சொல்வது கடினம். பையைக் கீழேயே வைத்துவிட்டு, சாவியை வாங்கி மேலே போய்ப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலோர நிலத்தடி நீர் உவர்ப்பாகத்தான் இருக்கும். சில விடுதிகளில் சோப்பு நுரைக்காத அளவுக்கு உப்பு, சிலவற்றில் லாரித் தண்ணீர் கலப்பதால் பரவாயில்லை. கடலில் குளித்துவிட்டு வந்து மறுபடி உப்புத் தண்ணீரிலேயே குளிப்பது பெரிய தொல்லை. அடுத்து ஜன்னல் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா, கதவின் உள் தாழ்ப்பாள் இறுகுகிறதா என்று பாருங்கள். கடல் காற்றில் இரும்பு துருப்பிடித்துவிடுவதால் தாழ்ப்பாள்தான் முதலில் கெடும். ஏசி எடுத்திருந்தால் போட்டுவிட்டு மற்றதைச் சோதியுங்கள், அதற்குள் குளிர்கிறதா என்று தெரிந்துவிடும். தரைத்தள அறையில் ஈர வாடை அடித்தால் மாடி அறை கேளுங்கள்.

8. சாப்பாட்டுச் செலவு

பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஒத்தவாடைத் தெரு உணவகங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்காக அமைந்தவை. ஒரு வேளை அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது நல்ல அனுபவம், மூன்று வேளையும் அங்கே என்றால் அறை வாடகைக்குச் சமமாகப் போய்விடும். காலை இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு எல்லாம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சிறிய ஓட்டல்களிலும் மெஸ்களிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தட்டில் அடுக்கி வைத்த மீனையும் இறாலையும் காட்டி எது வேண்டும் என்று கேட்பார்கள். விலை எடைக்கா, ஒன்றுக்கா, சமைத்துத் தருவதும் சேர்த்தா என்று கேட்காமல் விரலைக் காட்டிவிட்டால் பில் வரும்போது அதிர்ச்சிதான். எடை போட்டு, மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லி, அப்புறம் சரி சொல்லுங்கள். மாலையில் கடற்கரைத் தள்ளுவண்டிகளில் வறுத்துத் தரும் மீன் மலிவு. கண் முன்னே புதிதாகப் பொரித்ததை மட்டும் வாங்குங்கள்.

குடிநீருக்குப் பாட்டில் பாட்டிலாக வாங்காமல் பெரிய கேனாக ஒன்றை அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். காலையில் அதிலிருந்தே சின்னப் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளலாம்.

9. காலை ஆறு மணியிலிருந்து: பார்க்கும் வரிசை

எந்த இடம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதிலிருந்தே வரிசை கிடைத்துவிடும். வெளிச்சம் சிற்பத்தின் முகத்தில் விழும் நேரத்தில் போனால் செதுக்கல் தெளிவாகத் தெரியும், படமும் நன்றாக வரும்.

ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில். பெரிய விமானம் கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும் என்பதால் உள்ளே நின்றே உதயத்தைப் பார்க்கலாம். மே, ஜூனில் ஆறுக்கு முன்பே உதித்துவிடும். அந்த மாதங்களில் உதயத்தைக் கடற்கரையில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கவுன்ட்டரில் வரிசை இருந்தால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு மூலம் போனிலேயே சீட்டு எடுக்கலாம். அந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள், மாலையில் ஐந்து ரதத்தில் காட்ட வேண்டும். வெயில் ஏறாத அந்த முதல் ஒரு மணி நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வந்திருக்காது. ஊருக்குள்ளேயே தங்குவதன் பலன் முழுக்க இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

ஏழரைக்கு வெளியே வந்து டிபன். எட்டு மணிக்கு அர்ச்சுனன் தபசு. முந்தின நாள் மாலை பார்த்திருந்தாலும் மறுபடி பாருங்கள். கிழக்கு முகம் என்பதால் காலை வெயிலில் யானைகளும் தவம் செய்யும் பூனையும் புடைத்துத் தெரியும். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். அங்கிருந்து வடக்கே வெண்ணெய் உருண்டைப் பாறை, கணேச ரதம், திரிமூர்த்தி குகை, அப்புறம் குன்றுக்குள் வராக மண்டபம், ராயர் கோபுரம் என்று தெற்கே வந்து, மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தோடு முடியுங்கள். குன்றில் பாதைகள் பிரிந்து பிரிந்து போவதால் நடுவிலிருந்து தொடங்குகிறவர்கள் ஏதாவது ஒரு குகையைத் தவற விடுகிறார்கள். வடக்கிலிருந்து தெற்கு என்று வைத்துக்கொண்டால் விடுபடாது. வெண்ணெய் உருண்டையின் கீழ்ச் சரிவில் குழந்தைகள் சறுக்கு விளையாடுவார்கள். பாறை பட்டுப்போல் தேய்ந்திருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கு மேலேதான் கலங்கரை விளக்கம். அதற்குத் தனிச் சீட்டு, விடிகாலையில் திறக்காது. நீங்கள் குன்றைச் சுற்றி முடிக்கும்போது திறந்திருந்தால் ஏறுங்கள், ஊரின் அமைப்பு முழுவதும் மேலிருந்து புரியும். குறுகலான படிகள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஐந்து ரதத்தை மாலைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. நகுல சகாதேவ ரதம் தவிர மற்ற நான்கும் மேற்கு முகம். காலையில் போனால் முகப்புகள் நிழலில் இருக்கும். மூன்றரை மணிக்கு மேல் போனால் வெளிச்சம் நேராக விழும். வழிகாட்டி வேண்டும் என்று நினைத்தால் இங்கேயும் அர்ச்சுனன் தபசிலும் வைத்துக்கொள்வதுதான் பலன் தரும். அரசு உரிம அட்டையைக் காட்டச் சொல்லி, எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை என்று மூன்றையும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

ஊருக்குள் நாள் முழுக்க ஆட்டோ வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வாடகைச் சைக்கிள் கிழக்கு ராஜ வீதியில் கிடைக்கும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் ஐந்து ரதத்துக்குப் போக ஒரு ஆட்டோ.

10. கடலில் இறங்குவது

இதில் செலவுக் கணக்கு எதுவும் இல்லை, உயிர்க் கணக்கு. கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டிய பாறைகள் அந்தப் பகுதிக் கடலில் கிடக்கின்றன. இழுப்பும் பலமானது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் இங்கே இறந்திருக்கிறார்கள். கோயிலின் இரு பக்கமும் குளிக்கவே வேண்டாம். மற்ற இடங்களில் முழங்காலளவோடு நில்லுங்கள். மழை மாதங்களில் அதுவும் வேண்டாம். காவலர் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். குப்பத்து மீனவர் யாரையாவது கேட்டால் அன்றைக்கு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்வார், அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

11. இரண்டாவது இரவு தேவையா?

மேலே சொன்ன வரிசையில் போனால் ஓரிரவு போதும். இரண்டாவது இரவு எடுப்பதாக இருந்தால் அதற்கென்று இடம் வைத்துக்கொண்டு எடுங்கள். வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையும், அதற்குப் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த செங்கல் முருகன் கோயிலும் இருக்கின்றன. சைக்கிளிலேயே போய்வரலாம். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை, மேற்கே திருக்கழுக்குன்றம். இரண்டும் பேருந்தில் போகும் தூரம்தான்.

திரும்பும் வழியில் முதலைப் பண்ணையும், தட்சிணசித்ரா என்ற கலை, கைவினை அருங்காட்சியகமும் பார்க்க நினைப்பவர்கள் கிழமையைப் பாருங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். வார நாளில் மலிவாகப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் இறங்குவது இதனால்தான்.

12. கிளம்பும்போது

மீதி வாடகையைக் காலையில் டிபனுக்குப் போகும்போதே கட்டி பில் வாங்கிவிடுங்கள். காலி செய்யும் நேரத்தில் வரவேற்பில் கூட்டமாக இருந்தால் ‘நேரம் தாண்டிவிட்டது’ என்ற பேச்சு வரும். அலைபேசி சார்ஜர், குளியலறையில் காயப்போட்ட துணி இரண்டும்தான் அதிகம் விட்டுப்போகும் பொருட்கள்.

ஐந்து ரதத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் வர நேரம் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள். அன்று மாலை சென்னை நோக்கிய சாலை முழுக்க நெரிசல், பேருந்திலும் நிற்கத்தான் இடம் கிடைக்கும். வழியில் எங்கும் ஏற முடியாது என்பதால் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கே போய் ஏறுங்கள். செங்கல்பட்டில் ரயில் பிடிக்கிறவர்கள் ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இங்கிருந்து புறப்பட்டுவிட வேண்டும்.